நாலுக்கு ஆறில் அடங்காதவர்கள்

ஆன்லைனில் போட்டோ பிரிண்ட் போட்டுக் கொடுக்கும் தொழிலில், வாடிக்கையாளரின் முகத்தைத் தவிர அவர் குடும்பத்தில் மற்ற எல்லார் முகமும் நமக்குத் தெரிந்துவிடும். காரணம் எளிது. படம் எடுத்தவர் அவர்தான். எடுத்தவர் படத்தில் இருக்கமாட்டார்.

நான் தஞ்சாவூரில், ஒரு மருந்துக்கடைக்கு மாடியில் இருக்கும் அப்படியொரு பிரிண்ட் கடையில் ஏழு வருஷமாக வேலை பார்க்கிறேன். மக்கள் எங்கள் வெப்சைட்டில் படங்களை ஏற்றுவார்கள், அளவைச் சொல்வார்கள். நாங்கள் பிரிண்ட் போட்டு கொரியரில் அனுப்புவோம். மெஷினுக்குப் போகும் முன் ஒவ்வொரு படத்தையும் கண்ணால் பார்த்து, கோளாறு இருந்தால் போன் போட்டுக் கேட்பது என் வேலை. பிரிண்ட்டுகளைக் கவரில் போட்டு விலாசம் ஒட்டுவது மாலதி அக்காவின் வேலை.

உங்களுக்குத் தெரியாததா? போனில் எட்டாயிரம் படம் கிடக்கும். ஒன்றைத் தேடினால் அரைமணி நேரம் விரல் தேயத் தள்ளிக்கொண்டே இருப்பீர்கள். என்றைக்கோ ஒருநாள் மனசு வந்து ஐம்பது படத்தை எங்களுக்கு ஏற்றிவிடுவீர்கள். அதில் நாலு படம் தரையைக் காட்டும், ரெண்டு படத்தில் உங்கள் கட்டைவிரல் மட்டும் இருக்கும். நான் குறை சொல்லவில்லை. அந்தக் கட்டைவிரல் புண்ணியத்தில்தான் என் வீட்டில் அடுப்பு எரிகிறது. நானும் உங்களில் ஒருத்திதான்.

நடுவில் ஒரு முக்கோணம்

பூதலூரிலிருந்து ஒரு அம்மா ஒரே ஒரு படம் அனுப்பியிருந்தார். பட்டுச் சட்டை போட்ட பெரியவர் ஒருவர், மடியில் குழந்தை. அவர் மூக்குக்கு மேலேயே வெள்ளையாக ஒரு முக்கோணம். வீடியோ ஓடுவதற்கு முன்னால் வருமே, அதே அடையாளம். வீடியோவை அப்படியே ஸ்க்ரீன்ஷாட் எடுத்து அனுப்பிவிட்டார் என்று புரிந்தது.

போன் செய்து, "அம்மா, இவர் வேற படத்துல இருந்தா அனுப்புங்களேன், நல்லா வரும்" என்றேன். "வேற படமா? இருநூறு இருக்கும்மா. எல்லாத்துலயும் ஸ்டேஷன்ல பிடிச்சு உட்கார வச்ச மாதிரி இருப்பாரு" என்றார். அவர் கணவராம். இளைய மகன் கல்யாணத்தில் பேத்தி அவர் மீசையைப் பிடித்து இழுத்தபோது யாரோ எடுத்த வீடியோ அது. வீடியோவையே அனுப்பச் சொன்னேன். எட்டு நொடி ஓடியது. முன்னும் பின்னும் நகர்த்தி, அவர் சிரித்த இடத்தில் நிறுத்தி எடுத்தேன். முக்கோணம் இல்லாமல் பளிச்சென்று வந்தது.

படம் கையில் கிடைத்ததும் அந்த அம்மா கூப்பிட்டார். எவ்வளவு நேரம் நன்றி சொன்னார் என்று சொல்ல முடியாது. கடைசியில் குரலைத் தாழ்த்திக்கொண்டு சொன்னார்: "முப்பது வருஷத்துல இந்தாளு கேமரா முன்னாடி சிரிச்சது இந்த ஒரு தடவைதாம்மா. அதையும் முக்கோணம் மறைச்சிருந்தா நான் யாருகிட்ட போய் நிரூபிப்பேன்?"

கட்டம் போட்ட சட்டை

போனில் எடுக்கும் படம் ஒரு வடிவம், நாலுக்கு ஆறு பேப்பர் வேறு வடிவம். ரெண்டும் பொருந்தாத இடத்தில் கம்ப்யூட்டர் தானாகவே ஓரத்தை வெட்டிவிடும். வெட்டட்டுமா என்று ஒருதரம் கேட்கும். நீங்கள் படிக்காமலே 'சரி'யை அழுத்துவீர்கள். நானும் அப்படித்தான் அழுத்துவேன்.

பாபநாசம் பக்கம் சரவணன் என்பவர் புதுவீடு கட்டிக் குடிபோன அன்று எடுத்த குடும்பப் படத்தை நாற்பது காப்பி கேட்டிருந்தார். வந்த சொந்தக்காரர்கள் எல்லாருக்கும் கொடுப்பதற்கு. அதில் இடது ஓரத்தில் ஒருவர், கூட்டத்தோடு ஒட்டாமல் தள்ளி நின்றிருந்தார். வெட்டியபிறகு அவருடைய ஒரு தோளும் கையும்தான் மிச்சம். நாற்பது காப்பியிலும் ஒற்றைக் கை தொங்குவது எனக்கு என்னவோ போலிருந்தது. கூப்பிட்டேன்.

"யாருங்க, எந்தப் பக்கம்?"

"இடது பக்கம். கட்டம் போட்ட சட்டை."

"ஐயோ, அது எங்க மாமாங்க. அக்கா வீட்டுக்காரர்" என்றார். வரப்புத் தகராறு ஒன்றில் ஆறு வருஷமாக இவர்கள் வீட்டு வாசலை மிதிக்காதவராம். பத்திரிகை வைத்தபோதும் வருகிறேன் என்று சொல்லவில்லை. அன்றைக்குத் தானாகவே வந்து, ஓரமாக நின்று, சாப்பிட்டுவிட்டுப் போயிருக்கிறார். "இந்தப் படம் இப்படியே அவர் கைக்குப் போயிருந்தா என்ன ஆகியிருக்கும்னு நெனச்சுப் பாருங்க. நான் வேணும்னே வெட்டினேன்னுதானே சொல்லுவாரு?" என்று சரவணன் கேட்டார். மேலேயும் கீழேயும் வெள்ளைக் கோடு விட்டு, முழுப் படமும் வருகிற மாதிரி மாற்றிப் போட்டோம்.

மாதம் ஒன்று போயிருக்கும். கடைக்கு ஒரு போன். கனத்த குரல். பெயர் சொல்லவில்லை, ஊரும் சொல்லவில்லை. எடுத்தவுடன், "என்னைய வெட்டாம விட்ட பொண்ணு நீதானாம்மா? எனக்கு அதே படம் பெரிசா ஒண்ணு போடு, என் வீட்டுக் கூடத்துல மாட்டணும்" என்றார்.

கீழ்வேளூருக்குப் போன முப்பத்தெட்டு படம்

நிஜாமுதீன் துபாயில் ஏ.சி. மெக்கானிக். அங்கிருந்தபடியே ஆர்டர் போட்டார்; பார்சல் கீழ்வேளூரில் இருக்கும் அவர் மனைவி ஷபானாவுக்கு. மொத்தம் முப்பத்தெட்டு படம். எல்லாவற்றிலும் அவர் ஒருவரேதான். நின்றுகொண்டு, நடந்துகொண்டு, ஏணியில் ஏறிக்கொண்டு, அறையில் பரோட்டாவுக்கு மாவு பிசைந்துகொண்டு. முக்கால்வாசிப் படத்தில் முகம் சின்னதாகவும் ஆள் முழுசாகவும் தெரிந்தது. "தன்னைப் பாத்து இவ்வளவு ஆசையா ஒருத்தருக்கு?" என்று மாலதி அக்கா சிரித்தார். எனக்கும் ஏதோ தவறி ஏறிவிட்டது என்றுதான் பட்டது. செய்தி அனுப்பிக் கேட்டேன்.

அவரே கூப்பிட்டார். மகளுக்கு மூணரை வயசு. அவள் பிறப்பதற்கு முன்பே இவர் கிளம்பியாகிவிட்டது. தினமும் வீடியோவில்தான் பார்க்கிறாள். போனைக் காட்டி "அத்தா" என்பாள். போன வாரம் அவளை ஒரு ஆள் வரையச் சொன்னார்களாம். அம்மாவுக்குக் கை கால் எல்லாம் போட்டாள். அத்தாவுக்குத் தலை மட்டும் போட்டு, அதைச் சுற்றி ஒரு சதுரம் போட்டு முடித்துவிட்டாள். "எனக்குக் கால் இருக்கறதே அவளுக்குத் தெரியலைம்மா" என்று சொல்லிச் சிரித்தார். சிரிப்பு பாதியில் நின்றுவிட்டது. மூணு மாதத்தில் லீவில் வருகிறாராம். பக்கத்து அறைக்காரர் லீவில் ஊருக்குப் போய் இறங்கியபோது அவர் பிள்ளை பயந்து அழுது, ரெண்டு நாள் கிட்டேயே வரவில்லையாம். அந்தப் பயம் இவரைப் பிடித்துக்கொண்டது.

முப்பத்தெட்டையும் அனுப்பினோம். குழந்தையின் உயரத்துக்குச் சுவரில் வரிசையாக ஒட்டிவைத்திருப்பதாக ஷபானா போட்டோ அனுப்பினார். தினமும் அதன் முன்னால் உட்கார்ந்துதான் சோறு ஊட்டினாராம். நிஜாமுதீன் வந்து இறங்கிய அன்று மதியம் ஷபானாவிடமிருந்து எனக்குக் குரல் பதிவு ஒன்று வந்தது. பின்னால் வீடு முழுக்கச் சத்தம். "அக்கா, வாசல்ல நின்னவங்களை மேலேருந்து கீழ வரைக்கும் ஒரு பார்வை பார்த்தா. 'அத்தா காலோட வந்துட்டாங்க'ன்னு கத்திக்கிட்டே ஓடிப்போய் அந்தக் காலையே கட்டிக்கிட்டாக்கா."

மாலதி அக்கா அந்தப் பதிவை மூணு தடவை போடச் சொல்லிக் கேட்டார்.

யாருடைய பல்லோ

சென்னையில் கம்ப்யூட்டர் கம்பெனியில் வேலை பார்க்கும் அன்பரசனுக்குச் சொந்த ஊர் ஒரத்தநாடு பக்கம். அவர் அம்மா நடவு நட்டு, களை பறித்து அவரைப் படிக்க வைத்தவர். அம்மா இறந்து நாலு மாதம் ஆகியிருந்தது. பன்னிரண்டுக்குப் பதினெட்டில் ஒரு படம் கேட்டிருந்தார். அவர் அனுப்பியதோ அதில் கால்வாசிக்குக்கூடத் தாங்காது. பழைய போனில் எடுத்தது. படம் எடுக்காதே என்று கையை நீட்டிக்கொண்டு, அந்த அம்மா வாய்விட்டுச் சிரிக்கிறார்.

பெரிசாக்கினால் கலங்கிவிடும் என்றேன். தெரியும் என்றார். ஏற்கெனவே ஒரு ஸ்டுடியோவில் கொடுத்தாராம். அவர்கள் பட்டுப்புடவை கட்டி, கழுத்து நிறைய நகை போட்டு, நிறத்தையும் வெளுக்க வைத்துக் கொடுத்தார்களாம். அப்புறம் ஏதோ ஒரு ஆப்பில் போட்டிருக்கிறார். "படம் தெளிவாத்தாங்க வந்துச்சு. ஆனா எங்கம்மா வாயில வேற யாரோட பல்லையோ வச்சிருச்சு."

நான் படத்தில் எதையும் தொடாமல் உள்ளங்கை அளவுக்கு மட்டும் பிரிண்ட் போட்டேன். அந்த அளவில் எல்லாம் தெரிந்தது: தெற்றுப்பல், நெற்றிச் சுருக்கம், விரல் நகத்தில் சேற்றுக்கறை. அதைப் பெரிய வெள்ளை அட்டையின் நடுவில் வைத்து, பிடிக்காவிட்டால் திருப்பி அனுப்புங்கள் என்று எழுதி அனுப்பினேன். பத்து நாள் பதில் இல்லை. கோபித்துக்கொண்டார் போலிருக்கிறது என்று நினைத்திருந்தேன். பிறகு ஒரு செய்தி வந்தது: "எங்கம்மா சின்ன உருவந்தாங்க. இதுல சரியா இருக்காங்க."

என் கைப்பிழை

இதுவரை சொன்னதைக் கேட்டு என்னைக் கெட்டிக்காரி என்று நினைத்துவிடாதீர்கள்.

மாலதி அக்கா லீவு போட்ட ஒருநாள் நானே விலாசம் ஒட்டினேன். ரெண்டு கவர், ரெண்டுமே சீர்காழிப் பக்கம். ஒன்று, சீர்காழியில் துணிக்கடையில் வேலை பார்க்கும் விஜயாவுக்கு, பேரனின் காதுகுத்துப் படங்கள். இன்னொன்று திருவெண்காடு பக்கம் முருகையன் என்ற விவசாயிக்கு. கதிர் முற்றிய சம்பா மழையில் மூழ்கிவிட்டது. முழங்கால் தண்ணீரில் நின்று, சாய்ந்த கதிரை அள்ளிப் பிடித்துக்கொண்டு எடுத்த படங்கள். திங்கட்கிழமை கலெக்டர் ஆபீஸில் நிவாரண மனுவோடு கொடுக்க வேண்டியவை. விலாசத்தை மாற்றி ஒட்டிவிட்டேன்.

சனிக்கிழமை சாயங்காலம் முருகையன் கூப்பிட்டார். திட்டவில்லை. "மொட்டை போட்ட புள்ளை படமா வந்திருக்கும்மா. புள்ளை அழகாத்தான் இருக்கு. ஆனா மனுவுல ஒட்ட முடியாதே" என்றார். எனக்கு அழுகையே வந்துவிட்டது. மறுபடி பிரிண்ட் போட்டு ஞாயிற்றுக்கிழமை நானே பஸ் ஏறி வருகிறேன் என்று சொல்லிவிட்டு, விஜயாவிடம் மன்னிப்புக் கேட்கப் போன் செய்தேன். நான் பேசி முடிக்கும் முன்பே அவர், "அவரு நம்பரைக் குடுங்க" என்றார்.

ஞாயிறு காலையில் விஜயாவும் அவர் கணவரும் வண்டியில் கிளம்பி, வழியெல்லாம் தண்ணீர் வடியாத சாலையில் விசாரித்துக்கொண்டே போய் முருகையன் வீட்டில் கவரைக் கொடுத்துவிட்டு, தங்கள் கவரை வாங்கிக்கொண்டு திரும்பியிருக்கிறார்கள். முருகையன் வீட்டுக் கொடியில் காய்த்த பரங்கிக்காய் ஒன்றும் அவர்களோடு வந்ததாம். மனு போய்ச் சேர்ந்தது. அந்த வருஷ நிவாரணப் பட்டியலில் பெயர் வந்துவிட்டதென்று பிற்பாடு முருகையனே சொன்னார்.

நான் விஜயாவிடம், "என்னால உங்களுக்கு எவ்வளவு அலைச்சல்" என்று இழுத்தேன். அவருக்குக் கோபமே வந்துவிட்டது. "என்னங்க பேசுறீங்க? ஒருத்தரோட வயலு மூழ்கிக் கிடக்கிற படத்தை வீட்டுல வச்சிக்கிட்டு எனக்குச் சோறு எறங்குமா?"

யோசித்துப் பார்த்தால், டெல்டாவில் நடந்த அத்தனை விசேஷத்துக்கும் அழைப்பில்லாமலே முன்வரிசையில் நின்று பார்த்துவிட்டு, இதற்குச் சம்பளமும் வாங்கிக்கொண்டு போகிற ஒரே விருந்தாளி நானாகத்தான் இருப்பேன். பந்தியில் இலைதான் போடமாட்டேன் என்கிறார்கள்.