இல்லாத மாட்டின் தீனி

தங்கவேலைப் பற்றி நல்லதாக நாலு வார்த்தை எழுத எனக்கு யோக்கியதை கிடையாது. இருந்தாலும் எழுதுகிறேன். மனதில் வைத்துப் புழுங்குவதைவிட இது மேல்.

மந்தைவெளியில் எங்கள் தெருமுனையில் ஜூஸ் கடை வைத்திருப்பவர் அவர். வெயில் காலத்தில் நூறு பேருக்குப் பிழிந்து கொடுத்தாலும் முகம் சுளிக்க மாட்டார். அந்தக் கடையில் மிஞ்சும் ஆரஞ்சுத் தோலும் அன்னாசித் தோலும்தான் என் பிழைப்பு. ஆரஞ்சுத் தோலை மூன்று முறை கொதிக்கவைத்து, ஒவ்வொரு முறையும் தண்ணீரைக் கொட்டிவிட்டால் கசப்பு போய்விடும். பிறகு சர்க்கரைப் பாகில் வேகவைத்து அரைத்து ஐஸ்கிரீமில் சேர்ப்பேன். அன்னாசித் தோலை வேகவைத்து வடிகட்டிச் சுண்டக் காய்ச்சினால் குச்சி ஐஸுக்கு எசென்ஸே வேண்டாம். அடையாறு வாடிக்கையாளர்களிடம், தோலைக்கூட வீணாக்குவதில்லை என்று பெருமை பேசித்தான் விற்கிறேன்.

தங்கவேலிடம் மட்டும் அதைச் சொல்ல வாய் வரவில்லை. முதல் நாள் வாளியோடு போய் நின்றபோது, "எதுக்கும்மா?" என்றார். குப்பைக்குப் போவதை வாங்கித் தின்பண்டம் செய்கிறாள் என்று நினைத்துவிட்டால்? "மாட்டுக்கு" என்று சொல்லிவிட்டேன். வறட்டு கௌரவம், வேறென்ன.

அன்றிலிருந்து அவர் பழங்களைக் கழுவிய பிறகே உரித்தார். ஸ்ட்ராவோ பேப்பரோ விழாமல் தோலுக்குத் தனி இடம். "வாயில்லா ஜீவன், அதுக்கு இன்னா தெரியும்" என்பார். அமாவாசைதோறும் தோலின் மேல் ஒரு கட்டு அகத்திக்கீரை இருக்கும். இறந்துபோன தன் அம்மாவை நினைத்து மாட்டுக்குக் கொடுப்பது.

அந்தக் கீரையை என்ன செய்தேன்? தோலையே எறிய மனம் வராதவள் கீரையை எறிவேனா? தேங்காய் போட்டு வதக்கினேன். "அகத்தி ரொம்ப நன்னா இருக்கே ஜானு, எங்கே வாங்கினே?" என்று என் கணவர் கேட்டுக் கேட்டுச் சாப்பிட்டார். இப்படி ஏழு அமாவாசை. அப்போதெல்லாம் வெட்கம் வரவில்லையே என்பதுதான் இப்போது பெரிய வெட்கம்.

எட்டாவதற்கு முந்தைய நாள் தங்கவேல் கேட்டார். "ஜானும்மா, அம்மா போய் நாளையோட வருசம் ஆவுது. இந்தவாட்டி கீரைய என் கையாலயே குடுக்கணும். மாட்ட எங்க கட்டிக்கினு கீறீங்க?"

இன்னொரு பொய் நாக்கு நுனிவரை வந்தது. அவர் முகத்தைப் பார்த்ததும் விழுங்கிவிட்டேன். "மாடே இல்ல, தங்கவேல். தோல ஐஸ்கிரீம்ல போடறேன்."

அவர் சிரித்துவிட்டார். "நல்ல விசயந்தானே. இதுக்கு இன்னாத்துக்கு ஒரு மாடு?" சிரிப்பு பாதியில் நின்றது. "அப்ப கீரை?"

"நாங்க சாப்ட்டுட்டோம்."

ஓர் ஆரஞ்சை எடுத்துக் கழுவினார். கழுவியதையே மறுபடி கழுவினார். "குப்பையில போடல இல்ல" என்றார் கடைசியில். "அது போதும்மா."

திட்டியிருந்தால் தேவலை. வீடு வரும்வரை என்னால் நிமிர்ந்து நடக்க முடியவில்லை.

மறுநாள் போனபோது கடை பூட்டியிருந்தது. கீரைக்கட்டோடு மாடு தேடிப் போயிருப்பதாகப் பக்கத்து இஸ்திரிக் கடைக்காரர் சொன்னார். பூட்டின கடை வாசலில் என் வாளி இருந்தது, ஈ மொய்க்காமல் தட்டு போட்டு மூடி. திறந்தேன். எப்போதும்போல் கழுவிய தோல், விளிம்புவரை. மேலே கீரை இல்லை.