குளியலறைத் தரை

இதைச் சொல்ல இன்னும் கூச்சமாகத்தான் இருக்கிறது.

ஃபிலிம் படங்களைப் பெரிதாக்கி அச்சிடும் பழைய என்லார்ஜர் ஒன்றைச் சித்தியவான் ஊர்ப் பெண் ஒருத்தியிடம் வாங்கினேன். என் வயதில் பாதிதான் இருக்கும். புந்தோங்கில் என் வீட்டுக் குளியலறையை இருட்டாக்கி, மேசை போட்டு அதை வைத்தேன். லென்ஸ் இருக்கும் தலைப்பகுதியை முதலிலேயே ரசமட்டம் வைத்து நேராக்கினேன். அப்படியும் எந்தப் படமும் ஒரு பக்கம் மங்கலாகவே வந்தது. கெட்ட லென்ஸைத் தலையில் கட்டிவிட்டாள் என்று புகைப்படக் குழுவில் எழுதிவிட்டேன்.

மறுநாள் அவளே காரில் வந்து இறங்கினாள். ரசமட்டத்தை வாங்கி, தாள் வைக்கும் அடிப்பலகையில் வைத்தாள். குமிழி ஓரத்துக்கு ஓடியது.

"அண்ணே, பாத்ரூம் தரை தண்ணி ஓட சரிவாத்தான் இருக்கும்லா. மேசையும் சரிஞ்சு நிக்குது. மேல மட்டும் நேரா இருந்து என்ன செய்ய?"

மேசைக் காலுக்கடியில் அட்டையை மடித்துச் செருகினாள். அடுத்த படம் நான்கு மூலையும் தெளிவாக வந்தது.

"குழுவுல நான் எழுதுனது..." என்று இழுத்தேன்.

"பார்த்தேன்ணே. அதான் வந்தேன். டீ இருக்கா?"

எழுதியதை அன்றே அழித்துவிட்டேன். தவறு என்னுடையது என்று அதே குழுவில் எழுதத்தான் ஒரு வாரம் ஆனது.