செய்யாத திருட்டுக்கு ஒரு மன்னிப்பு மனு

இன்று காலை கண்டிச் சிறை வாசலில்...

பதறவேண்டாம், நான் கைதி இல்லை! (பெண்கள் பள்ளிக்கூடத்தில் இத்தனை வருடம் ஆசிரியையாக இருப்பதும் ஒரு தண்டனைதான். அது வேறு கதை.)

என்னோடு வந்தவள் முனியம்மா. புசல்லாவைப் பக்கத் தோட்டமொன்றில் தேயிலைக் கொழுந்து எடுப்பவள். மனு எழுதத் தெரிந்த பெண் என்று யாரோ என் பெயரைச் சொல்லி அனுப்பியிருக்கிறார்கள்.

அவள் கணவன் கருப்பையா உள்ளே இருக்கிறான். பக்கத்துத் தோட்டத் துரை பங்களாவில் வெள்ளிக் கடிகாரம் திருடியதாகக் கடூழியத் தண்டனை.

திருடியது அவன் இல்லை.

பரிதாபப்பட்டுச் சொல்லவில்லை. போன மாதம் கம்பளையில் வேறொரு திருட்டில் பிடிபட்டவன், "அந்த பங்களாவும் நான்தான்" என்று சொல்லி, கடிகாரத்தையும் எடுத்துக் கொடுத்துவிட்டான்!

அப்படியானால் கருப்பையா வீட்டுக்குப் போகலாம்தானே?

நானும் அப்படித்தான் நம்பிக்கொண்டு வக்கீலிடம், எங்கள் புரொக்டர் ஐயாவிடம், போனேன். யாழ்ப்பாணத்துக்காரர். நல்ல மனிதர். கெட்ட செய்தி சொல்வதானால் முதலில் கதிரையைத் துடைத்து உட்காரவைப்பார். அன்று இரண்டு தரம் துடைத்தார்.

"அப்பீல் தவணை எப்பவோ முடிஞ்சுபோச்சுது டீச்சர்."

"உண்மைக் கள்ளன் ஒத்துக்கொண்டிருக்கிறானே, ஐயா?"

"ஓம். அது அவன்ரை கேஸ். இது இவன்ரை கேஸ். முடிஞ்ச கேஸைத் திருப்பித் திறக்க சட்டத்திலை வாசல் இல்லை. கவர்னருக்கு மன்னிப்பு மனுப் போடலாம். அது ஒண்டுதான் வழி."

"செய்யாததற்கு மன்னிப்பா?"

"செய்தவனுக்கும் செய்யாதவனுக்கும் அதுதான் மனு டீச்சர். நான் என்ன செய்ய?"

ஆகவே எழுதினேன். மேன்மை தங்கிய, தாழ்மையுள்ள, எல்லாம் போட்டு. கருப்பையாவின் கைநாட்டு மட்டும்தான் பாக்கி.

சிறை வாசல் வாங்குப் பலகையில் உட்கார்ந்து காத்திருந்தபோதுதான் முனியம்மாவிடம் கேட்டேன், முதலில் இவன் எப்படித்தான் மாட்டினான் என்று.

பங்களாவில் திருடனைப் பார்த்தது துரையின் மனைவி, துரைசாணி மட்டும். அதுவும் வராந்தாவிலிருந்து ஓடும் முதுகை. பிறகு சந்தேகத்தில் பிடித்த கருப்பையாவை வேறு சில ஆட்களோடு வரிசையில் நிறுத்தி, அடையாளம் காட்டச் சொல்லியிருக்கிறார்கள்.

"மத்தவங்க எல்லாம் டவுன்காரங்க டீச்சர். பஜார்ல புடிச்சாந்து நிறுத்துனவங்க. அவங்க பாட்டுக்கு துரைசாணிய வேடிக்க பாத்துக்கிட்டு நின்னாங்களாம்."

"கருப்பையா?"

"துரைசாணி வந்தா என்னா செய்வோம்? தலத்துண்ட அவுத்துட்டு, கையக் கட்டிக்கிட்டு, குனிஞ்சு நின்னுருக்காரு. அப்படி நிக்கலன்னாதானே தோட்டத்துல ஏச்சு வாங்குவோம்!"

துரைசாணி விரலை நீட்டினாராம். "என் முகத்தைப் பார்க்கவே அவனால் முடியவில்லை பாருங்கள், அவன்தான்" என்று.

மரியாதை கொடுத்தவன் மாட்டினான்!

வரிசையில் இன்னும் நாலு தோட்டத்து ஆட்களை நிறுத்தியிருந்தால் நாலு பேரும் குனிந்திருப்பார்கள். இன்ஸ்பெக்டருக்கும் நீதிபதிக்கும் இது தெரியாதா? கட்டாயம் தெரியும். தெரிந்ததை அங்கே சொல்ல வேண்டும் என்று ஒருவருக்கும் தோன்றவில்லை.

அடையாளம் காட்டும் முறையை மாற்றவேண்டும், முடிந்த வழக்கைத் திறக்க ஒரு வாசல் வைக்கவேண்டும் என்று, சட்டசபைக்கு நிற்பவர் வோட்டுக் கேட்டு வந்தபோது சொன்னேன். (பெண்களுக்கும் வோட்டு வந்துவிட்டதே!) "கட்டாயம் கவனிக்கிறேன் டீச்சர்" என்றார். (தேநீரைக் கட்டாயம் கவனித்தார்.)

சரி, உள்ளே கூப்பிட்டார்கள்.

கம்பி வலைக்கு அந்தப் பக்கம் கருப்பையா. நான் மனுவை வாசித்து அர்த்தம் சொன்னேன்.

முனியம்மா இடையில் நிறுத்தினாள்.

"மன்னிப்பா? வேணாம் டீச்சர், கிழிச்சுப் போடுங்க! நாளைக்கு எம்மகளுக்கு மாப்பிள்ள பாத்தா, கவர்னரு மன்னிச்சு விட்ட திருடன் மகன்னுதானே சொல்லுவாங்க?"

"ஏண்டி, உள்ள கல்லு ஒடைக்கிறது நீயா, நானா?"

"ஒடச்சா என்னா? திருடாத கைதானே!"

"கை இருக்கும்டி. நான் இருக்கணும்ல?"

சொல்லிவிட்டு இருமினான். அந்த இருமல் சீக்கிரம் நிற்கவில்லை.

இருவரும் என்னைப் பார்த்தார்கள். நான் முனியம்மா கட்சி. மனுவை எழுதும்போதே என் கை கூசியது. ஆனால் சாயங்காலம் வீட்டுக்குப் போய்ச் சூடாகக் கோப்பி குடிக்கப்போகிற நான், அவனைப் பார்த்து "மன்னிப்புக் கேட்காதே, உள்ளேயே இரு" என்று எப்படிச் சொல்வது?

"நோனா, நேரம் போகுது" என்று என்னை அவசரப்படுத்தினார் சிங்களக் காவலர். அவரே மைப்பெட்டியை நீட்டினார்.

கருப்பையா பெருவிரலை வைத்தான். முனியம்மா சுவரைப் பார்த்துத் திரும்பிக்கொண்டாள். விடைபெறும்போதும் திரும்பவில்லை.

பஸ் நிற்கும் இடத்துக்கு வந்தோம். ஏறப்போகும்போது கேட்டாள்.

"கவர்னரு எப்ப டீச்சர் பாப்பாரு?"

"தெரியாது முனியம்மா."

"பாத்தா விட்டுருவாரா?"

"அதுவும் தெரியாது."

படியில் ஒரு காலை வைத்து நின்றாள்.

"வரட்டும். வூட்டுக்கு வர்ற அன்னைக்கே சண்ட இருக்கு! நான் வேணாம் வேணாங்கிறேன், எப்படி அவரு கை வெக்கலாம்? சோறு போட்டுட்டுத்தான் கேப்பேன். ஆனா கேப்பேன்!"

பஸ் போய்விட்டது.

நண்பர்களே, நீங்கள் எந்தச் சாமியைக் கும்பிடுகிறவர்களோ எனக்குத் தெரியாது. அந்தச் சண்டை சீக்கிரம் நடக்கவேண்டும் என்று வேண்டிக்கொள்ளுங்கள்.