ஆரின் பிழிந்த பாசி

பிப்ரவரி மாதக் கூட்டத்தில், பதினோரு பேர் முன்னால், தன் பாம்பு பியூலாவின் வயிற்றைப் புண்ணாக்கியவள் நான்தான் என்று ஆரின் லிண்டால் சொன்னார். சொல்லிவிட்டு நிதானமாகக் காப்பியைக் குடித்தார்.

“நான் ஆஸ்பத்திரில கெடந்த ஒம்பது நாளும் பாசியச் சொட்டச் சொட்ட வச்சிருக்கா. வயித்துல வரிசையா கொப்புளம். டாக்டரம்மாவே சொல்லிட்டாங்க, ஈரத்துலயே கெடந்திருக்குன்னு.”

“முப்பது வருஷம் ஒரு கடுதாசிகூட நனையாமக் குடுத்தவ, பாம்ப நனைச்சுட்டாளே” என்றான் கோர்டி. எல்லோரும் சிரித்தார்கள். எனக்குக் காது மடல்வரை சுட்டது.

நான் அமெரிக்காவின் வடக்கோரத்துத் துலூத் ஊரில் தபால் அலுவலக ஜன்னலில் நின்றே காலத்தை ஓட்டியவள். திட்டு வாங்குவது எனக்குப் புதிதல்ல. ஆனால் அந்தத் தேவாலயத்துக் கீழ்த்தளத்தில், மாதம் ஒருமுறை கூடும் எங்கள் பாம்பு வளர்ப்போர் சங்கத்தில், பாசியை ஒழுங்காகப் பிழியத் தெரியாதவள் என்று பெயர் வாங்குவது வேறு சங்கதி.

எங்கள் ஊரில் ஏரி கண்ணுக்கு எட்டிய தூரம் கிடக்கிறது. ஆனாலும் பிப்ரவரியில் வீட்டுக்குள் உதடு வெடித்து ரத்தம் வரும். ஹீட்டர் இரவும் பகலும் ஓடி, காற்றில் இருக்கும் ஈரத்தையெல்லாம் உறிஞ்சிவிடும். நாங்கள் வளர்ப்பதோ ஆப்பிரிக்காவிலிருந்து வந்த மலைப்பாம்பு வகை. ஈரம் போதாவிட்டால் சட்டை முழுதாகக் கழலாமல் துண்டு துண்டாக உடம்பிலேயே ஒட்டிக்கொள்ளும். கண்மேல் இருக்கும் தோல் கழலாவிட்டால் பார்வையே போகலாம். அதனால் காலியான ஐஸ்கிரீம் வாளியின் மூடியில் ஓட்டை போட்டு, உள்ளே நனைத்த சதுப்புப் பாசியை நிரப்பிக் கண்ணாடிப் பெட்டிக்குள் வைப்போம். பாம்பின் கண் பால்போல வெளுத்ததும் அது தானாக உள்ளே போய்ச் சுருண்டுகொள்ளும்.

பாசியில் ஈரம் குறைந்தால் சட்டை கிழியும், கூடினால் வயிறு புண்ணாகும். இரண்டுக்கும் நடுவே இருக்கும் இடத்தைக் கைதான் சொல்ல வேண்டும். ஒரு பிடி எடுத்து இறுக்கிப் பிழிந்து பத்து எண்ண வேண்டும். ஒரு சொட்டும் விழக் கூடாது, ஆனால் உள்ளங்கை மினுங்க வேண்டும். ஈரமானிகளை ஆரினுக்குப் பிடிக்காது. “அந்த முள்ளு சுவத்தோட காத்தத்தான் சொல்லும். வாளிக்குள்ள இருக்கிறத யார் சொல்லுவா?” என்பார். பன்னிரண்டு வருடத்துக்கு முன் என் முதல் பாம்பைக் கொண்டுபோனபோது, “இதென்ன, பச்சப் புள்ளய ஈரத் துணியில கெடத்தின மாதிரி” என்று அத்தனை பேர் முன்னால் கேட்டவரும் அவர்தான். அன்றும் எனக்குக் கோபம் வந்தது. ஆனால் அவர் சொன்னது சரி.

அவருக்கு எழுபத்தொரு வயது. கப்பல்களில் இரும்புத்தாது ஏற்றும் துறைமுகத்தில் முப்பத்துநான்கு வருடம் வேலை பார்த்தவர். கல்யாணம் செய்துகொள்ளவில்லை. மேட்டுத் தெருவில் சின்ன வீடு, அதில் அவரும் பியூலாவும். பென்சில் பருமனில் வாங்கிய பியூலாவுக்கு இப்போது இருபத்தாறு வயது. அவள் கழற்றிய சட்டைகளைத் தேதி எழுதி மாடிப்படிச் சுவர் நெடுகக் குத்தி வைத்திருந்தார். எல்லாம் தலை முதல் வால் நுனிவரை முழுச் சட்டைகள்.

போன கோடையில் அவருக்குக் குடலில் புற்றுநோய் வந்தது. ஆறு மாதம் மருந்து ஏற்றினார்கள். ஒரு புதன்கிழமை விட்டு ஒரு புதன்கிழமை நான்தான் காரில் அழைத்துப்போனேன். போகும்போதும் வரும்போதும் பாம்பைப் பற்றி மட்டுமே பேசுவார். ஜனவரியில் நிமோனியா வந்து படுத்தபோது வீட்டுச் சாவியை என்னிடம்தான் கொடுத்தார். ஒன்பது நாளும் காலையில் போய்ப் பாசியைப் பிழிந்து வைத்துவிட்டு வந்தேன்.

கூட்டம் முடிந்து வீட்டுக்கு வந்தவள் கோட்டைக்கூடக் கழற்றாமல் என் பாம்புகள் மூன்றின் வயிற்றையும் புரட்டிப் பார்த்தேன். சுத்தமாக இருந்தன. பாசியை எடுத்துப் பிழிந்தேன், பத்து எண்ணினேன். மறுபடியும் பிழிந்தேன். ஏழு தடவை. அப்படியும் சந்தேகம் தீரவில்லை, ஏனென்றால் சொன்னது ஆரின். அவர் சொன்னால் அது தப்பாக இருக்க வழியே இல்லை என்று என் புத்தி சொல்லிக்கொண்டே இருந்தது. நான்கு நாள் சரியாகச் சாப்பிடவில்லை. ஐந்தாம் நாள் ஒரு தட்டு ஓட்ஸ் பார் இனிப்பு சுட்டு எடுத்துக்கொண்டு மன்னிப்புக் கேட்கப் போனேன்.

கதவைத் திறந்தவரின் சட்டையில் இரண்டு பித்தான்தான் போட்டிருந்தது. அதுவும் ஏறுமாறாக.

“தப்பு என்னோடதா இருந்தா மன்னிச்சிருங்க ஆரின்.”

“மன்னிப்பெல்லாம் எதுக்கு? உள்ள வா. எப்படிப் பிழியணும்னு இன்னொரு தடவ காட்டுறேன். பாத்துக்கோ.”

சமையலறை மேசையில் வெந்நீர்ச் சட்டியில் பாசி ஊறிக்கொண்டிருந்தது. ஒரு பிடி அள்ளி, சட்டியை விட்டு வெளியே கையை நீட்டி இறுக்கினார். என் முகத்தைப் பார்த்தபடியே எண்ணத் தொடங்கினார். ஒன்று, இரண்டு, மூன்று. தண்ணீர் அவருடைய மணிக்கட்டில் இறங்கி, சட்டைக் கைக்குள் நுழைந்து, முழங்கையிலிருந்து தரையில் சொட்டியது. நான்கு, ஐந்து. ஆள்காட்டி விரலில் ஒரு தீக்கொப்புளம் உடைந்து சிவந்து கிடந்தது. அதன்மேல் வெந்நீர் ஓடியும் அவர் முகம் சுளிக்கவில்லை. பத்து.

“பாத்தியா? ஒரு சொட்டு விழல.”

“ஆரின், கீழ பாருங்க.”

குனிந்து பார்த்தார். அவருடைய செருப்பைச் சுற்றி ஈரம்.

“தரை மொதல்லயே ஈரமாத்தான் இருந்துச்சு.”

“விரல் எத்தன நாளா இப்படி இருக்கு?”

“போய்ட்டு வா மார்லிஸ்” என்றார்.

காரில் உட்கார்ந்ததும் புதன்கிழமைகள் எல்லாம் ஒவ்வொன்றாக ஞாபகம் வந்தன. ஒவ்வொரு தடவையும் நர்ஸ் கேட்பாள்: “மருந்தால கை விரல், கால் விரல் எதுவும் மரத்துப்போகுதா?” ஒவ்வொரு தடவையும் இவர், “அதெல்லாம் ஒண்ணுமில்ல” என்பார். எங்கள் பக்கத்து ஆட்கள் கால் ஒடிந்து கிடந்தாலும் பரவாயில்லை என்றுதான் சொல்வோம், அதில் எங்களுக்கு ஒரு பெருமை வேறு. நானும் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்து பத்திரிகை புரட்டிக்கொண்டிருந்தேன்.

முதலில் எனக்கு வந்தது சந்தோஷம்தான். தப்பு என்னுடையதல்ல. அடுத்த நிமிடமே அதை நினைத்து வெட்கமாக இருந்தது. வயிற்றில் புண்ணோடு அந்தப் பாம்பை அதே வாளியில் விட்டுவிட்டு வந்திருக்கிறேன். ஈரம் தொடர்ந்தால் ரத்தத்தில் விஷமேறிச் செத்துப்போகும் என்று மருத்துவர் சொன்னதாக அவரே கூட்டத்தில் சொல்லியிருந்தார். போய்ப் பிடுங்கிக்கொண்டு வரலாம், சாவி இன்னும் என்னிடம் இருந்தது. ஆனால் இருபத்தாறு வருடம் வளர்த்தவரிடமிருந்து எப்படிப் பிடுங்குவது? இரண்டு நாள் சாவியைப் பையில் போடுவதும் எடுப்பதுமாக இருந்தேன்.

மூன்றாம் நாள் காலையில் அவரே போன் செய்தார்.

“ஒண்ணு பாக்கணும். வர முடியுமா?”

போனபோது மேசையில் மூன்று தட்டுகள் இருந்தன. ஒவ்வொன்றிலும் பிழிந்த பாசி ஒரு பிடி.

“காலைல அஞ்சு மணிலேர்ந்து பிழியுறேன். மூணுக்கும் வேற வேற அழுத்தம் குடுத்தேன். எது சரின்னு நீ சொல்லு.”

பன்னிரண்டு வருடத்தில் பாம்பு விஷயத்தில் அவர் என்னிடம் யோசனை கேட்டது அதுதான் முதல் தடவை. முதல் தட்டில் இருந்ததை எடுத்தேன், சொட்டியது. இரண்டாவதும் சொட்டியது. மூன்றாவதை எடுக்கும்போதே, இதாவது சரியாக இருக்கட்டும் என்று மனதுக்குள் கெஞ்சினேன். எடுத்ததுமே தட்டில் தண்ணீர் தேங்கி நின்றது தெரிந்தது. பொய் சொல்லிவிடலாமா என்று ஒரு கணம் தோன்றியது.

“மூணும் ஈரம் ஜாஸ்தி” என்றேன்.

“மூணுல ஒண்ணுகூடவா?”

“ஒண்ணுகூட இல்ல.”

அவர் நாற்காலியில் உட்கார்ந்து தன் கைகளை மடியில் வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தார்.

“நான் வேணா தெனம் காலைல வந்து பிழிஞ்சு வச்சிட்டுப் போறேன். உங்க ஆஸ்பத்திரி நாள்ல செஞ்ச மாதிரி.”

“நீ போனப்புறம் நான் தொட்டுப் பாப்பேன்ல. எனக்கு எப்பத் தொட்டாலும் அது காஞ்சுதான் இருக்கு. தண்ணி ஊத்திருவேன். என்னை எனக்குத் தெரியும்.”

எழுந்து உள்ளே போனார். பியூலாவை ஒரு தலையணை உறையில் போட்டு எடுத்துவந்தார். உறையின் வாயைக் கட்ட முடிச்சுப் போட முயன்றார். விரல்கள் பிடி கொடுக்கவில்லை. இரண்டு தடவை பார்த்துவிட்டு நானே கட்டினேன். வெளியே பூஜ்யத்துக்கு இருபது டிகிரி கீழே குளிர். மூட்டையை என் கோட்டுக்குள் வைத்து நடந்தேன். அவர் வாசலுக்கு வரவில்லை.

மார்ச் கூட்டத்தில் காப்பி ஊற்றுவதற்கு முன்பே எழுந்து நின்றார்.

“போன தடவ மார்லிஸ் மேல ஒரு பழி போட்டேன். அவ ஒண்ணும் பண்ணல. என் கை செத்துப்போச்சு. அது தெரிஞ்சும் தெரியாத மாதிரி இருந்தேன்.”

கோர்டி ஓட்ஸ் பார் தட்டை அவர் பக்கம் தள்ளினான். என் பெயர் எனக்குத் திரும்பக் கிடைத்தது. அது கிடைக்காமலே இருந்திருக்கலாம் என்று நினைத்தேன்.

பியூலாவை மருத்துவர் சொன்னபடி வெறும் காகித விரிப்பில் வைத்து, வயிற்றுக்கு மருந்து போட்டேன். பாசி இல்லாததால் மார்ச் கடைசியில் சட்டை கிழிசல் கிழிசலாகத்தான் வந்தது. புண் ஆறிய பிறகு வாளியை வைத்தேன். மே மாதத்தில் ஒரு காலை, சட்டை முழுசாகக் கழன்று பாசிமேல் கிடந்தது. அதைக் காய்வதற்குள் எடுத்துத் துண்டில் சுற்றி அவர் வீட்டுக்குப் போனேன். அவர் சந்தோஷப்படுவார் என்று நினைத்தேன்.

மேசையில் விரித்தார். விரல்களால் நீவினார். விரலுக்கு எதுவும் தெரியாமல் என்னை ஒரு பார்வை பார்த்தார். பிறகு இரண்டு கையாலும் தூக்கி, வயிற்றுப் பக்கத்தைக் கன்னத்தில் வைத்தார். கண்ணை மூடிக்கொண்டு, கழுத்துப் பக்கத்திலிருந்து வால்வரை கொஞ்சம் கொஞ்சமாகக் கன்னத்தோடு இழுத்தார். பாதியில் நிறுத்தி, அந்த இடத்தை உதட்டில் வைத்துப் பார்த்தார். அங்கே பழைய புண்ணின் தழும்பில் செதில் சுருங்கிச் சொரசொரப்பாக இருந்தது.

“இது நான் பண்ணது” என்றார். இன்னும் ஒரு அங்குலம் இழுத்தார். “இதுவும்.”

வால்வரைக்கும் அப்படியே போனார். ஒன்பது இடம்.