குனியாமல் பார்த்த வெடி

பத்தாம் வகுப்போடு நின்றவள் நான். நட்சத்திரத்தைப் பற்றி எழுத உனக்கென்ன தகுதி என்று கேட்காமல் பொறுத்துக்கொள்ளுங்கள். எழுத நினைத்தது என் மகளைப் பற்றித்தான். நட்சத்திரம் கூடவே வந்துவிட்டது.

அவள் கல்லூரியில் இயற்பியல் படிக்கிறாள். கூச்சம் என்னிடமிருந்து வந்தது. போன செமினாரில் வணக்கம் சொன்னதோடு இறங்கிவிட்டாள். இந்தத் தடவையும் பேசாவிட்டால் மதிப்பெண் கிடையாது. அதனால் முந்தின நாள், ஞாயிற்றுக்கிழமை, எங்கள் முன்னால் பேசிப் பார்க்கச் சொன்னோம். கறி குக்கரில் இருந்தது.

சுவரைப் பார்த்து ஒப்பித்தாள். வானத்தில் எங்கோ காமாக் கதிர் சில நொடி பளிச்சென்று வெடித்து அடங்குமாம். சில நாள் கழித்து, அதே இடத்தில், ஒரு பெரிய நட்சத்திரம் வெடித்த வெளிச்சம் மெதுவாக ஏறுமாம். இரண்டும் ஒரே நட்சத்திரத்தின் வேலைதானா என்பது தலைப்பு. போகப் போகக் குரல் தேய்ந்தது.

எம். புதுப்பட்டிப் பக்கம் என் வீட்டுக்காரர் ஒரு பட்டாசுக் கம்பெனியில், புது வாண வெடிகளை விட்டுப் பார்க்கும் வேலையில் இருக்கிறார். அவருக்குப் பொறுக்கவில்லை.

"ஏத்தா, அது ரெண்டு வெடியா இருக்கும். பக்கத்துக் கம்பெனிக்காரன் தூரத்துல விட்டாலும் கீழ இருந்து பாத்தா நம்ம வெடி மேலதான் தெரியும்."

"தூரமும் ஒண்ணுதாம்ப்பா. விஞ்ஞானிக அளந்து பாத்துட்டாக."

"அப்ப ரெண்டும் ஒண்ணுன்னு முன்னாடியே ஏன் தெரியல?"

மகள் திரும்பினாள். "மேல வெடிச்சதும் நீங்க என்ன செய்வீக?"

அவர் தலையைக் குனிந்து காட்டினார். எரிந்த அட்டை கண்ணில் விழக்கூடாதென்று அங்கே எல்லோரும் அப்படித்தான்.

"குனிஞ்சா பின்னால விரியுற பூ எப்பிடித் தெரியும்? மொத வெளிச்சம் அடங்கினப்புறமும் அங்கனயே பாத்துக்கிட்டு இருந்தாக. அப்பத்தான் தெரிஞ்சிச்சு."

"அப்ப வெடிக்கிற எல்லா நட்சத்திரமும் காமா விடுமா?"

"விடாது. விட்டாலும் குழாய்ல போற மாதிரி ஒரு பக்கமாத்தான் போகும். நம்ம பக்கம் திரும்பினாத்தான் தெரியும். காமா வெடியிலயே ஒரு நொடியில டக்குனு அடங்குற ரகமும் இருக்கு. அது ரெண்டு செத்த நட்சத்திரம் மோதுறதால வர்றது, வெடிமருந்தே வேற."

"மருந்து வேறன்னா சரி."

அப்போது குக்கர் விசில் அடித்தது. அவர் பழக்கத்தில் குனிந்தார். சிரித்துக்கொண்டே பார்த்தால், மகள் சுவரை மறந்து நடுவீட்டில் கையை விரித்துப் பேசிக்கொண்டு நிற்கிறாள்.

"இப்பிடியே அங்கனயும் பேசு," என்றேன்.

"அங்கன யாரும்மா சண்டைக்கு வருவா?"

"உங்கப்பா முன்னால உக்காந்திருக்காருன்னு நெனச்சுக்க."

மறுநாள் அவள் முழுதாகப் பேசி முடித்தாள். அன்று கம்பெனியில் அவர் வெடியைக் குனியாமல் பார்த்து, கண்ணில் சாம்பல் விழுந்து, போர்மேனிடம் திட்டு வாங்கி வந்தார்.