அப்பா எதிரே வரக்கூடாது என்று வேண்டிக்கொண்டேன்

முருகனடியார்களே, வேண்டியது கிடைத்ததைச் சொல்ல எல்லோருக்கும் ஆசைதான். எனக்கோ, முதலில் என்ன வேண்டினேன் என்று சொல்லவே நாக்கு கூசுகிறது. அதை மறைத்தால் முருகன் செய்ததும் மறைந்துபோகும். சொல்லிவிடுகிறேன்.

எழுபதுகளின் கடைசி. சென்னையில் கட்டடக்கலைப் படிப்பு முதல் வருடம். பிறந்து வளர்ந்தது நெய்வேலி டவுன்ஷிப். எங்கள் தெருவில் எல்லா வீடும் ஒரே மாதிரி. சின்ன வயதில் பக்கத்து வீட்டுக்குள் நுழைந்து, "அம்மா, பசிக்குது" என்று தட்டோடு உட்கார்ந்திருக்கிறேன். வீடு வரையும் கிறுக்கு அப்போதே பிடித்துவிட்டது. அப்பா நிலக்கரிச் சுரங்கத்தில், கரி ஓடும் பெல்ட்டிலிருந்து சிதறுவதை அள்ளிப் போடுகிறவர்.

குடும்பத்தைப் பற்றி எழுதி, வசிக்கும் வீட்டை அளந்து வரைந்து வரச் சொன்னார் ஆசிரியர். எங்கள் ஊரில் குவார்ட்டர்ஸ் எந்த டைப் என்று தெரிந்தாலே அப்பாவின் வேலை தெரிந்துவிடும். நான் ஓர் அதிகாரியின் பங்களாவை வரைந்தேன். கொலு பார்க்க ஒரே ஒரு முறை உள்ளே போன வீடு. "அப்பா, மைன்ஸ் இன்ஜினியர்" என்றும் எழுதினேன். ஆசிரியர் மெச்சிச் சுவரில் ஒட்டினார். "டவுன்ஷிப்பைப் பார்க்க வகுப்போடு போகப் போகிறோம். உன் வீட்டையும் பார்ப்போம்" என்றார்.

பங்களாவை வெளியிலிருந்து காட்டி, பூட்டியிருக்கிறது என்று சமாளிக்கலாம். அப்பாவை எப்படி மறைப்பது? நாங்கள் போகும் நாளில் அவருக்கு வார ஓய்வு வேறு. முந்தின வாரம் ஊருக்கு வந்து முருகன் கோயிலில் நின்றேன். "அப்பா என் எதிரே வரக்கூடாது" என்று அழுதேன். பெற்றவரைப் பற்றி இப்படி வேண்டினேன்.

அந்த நாளில் காலை முழுவதும் தெருத்தெருவாகச் சுற்றினோம். அப்பா கண்ணில் படவில்லை. முருகன் கேட்டுவிட்டான் என்று சந்தோஷப்பட்டேன். இரண்டு மணிக்கு, சுரங்கத்தில் காலை வேலை முடிந்தவர்களோடு ஷிப்ட் பஸ் வந்தது. பக்கத்து வீட்டுக்காரர் இறங்கி ஓடி வந்தார்.

"தம்பி, நீ இங்க நின்னுகினு இருக்கியா! கரி அள்ளிகினு இருக்கசொல்லவே உங்கப்பாவுக்கு நெஞ்சு வலி வந்துடுச்சுப்பா. ஆஸ்பத்திரியில இருக்காரு."

"இன்னிக்கு அவருக்கு லீவாச்சே?"

"டூட்டி கேட்டு வாங்கிகினு வந்தாருப்பா."

வகுப்பே கேட்டது. எனக்கு அது உறைக்கவில்லை. ஓடினேன். வார்டு வாசலில், "முருகா, என் எதிரே வரட்டும். கரி மூஞ்சியோடே வரட்டும். எங்கப்பா என்று எல்லோரிடமும் சொல்கிறேன்" என்று கதறினேன்.

சாயங்காலம் டாக்டர் வந்து, இனிப் பயமில்லை என்றார். உள்ளே போனேன். அப்பாவின் கண்ணிமையில் இன்னும் கரி இருந்தது. அவருக்குத் திருநெல்வேலிப் பேச்சு.

"வாத்தியாரு காப்பி குடிச்சாராடே?"

"ஏம்ப்பா லீவு நாளில் வேலைக்குப் போனீங்க?"

"போன வாரம் ஒம் பையில அந்தப் படத்து நகலயும் டூர் நோட்டீசயும் பாத்தேன். இன்ஜினியர்னு எழுதிருந்தியே. நா வீட்ல இருந்தா ஒனக்குச் சங்கடம்லா?"

முருகன் கேட்டான் என்று நினைத்தேனே, கேட்டவர் அப்பா. எனக்குப் பின்னால், ஆஸ்பத்திரிக்கே தேடி வந்த ஆசிரியர் நின்றுகொண்டிருந்தார். "சார், இவர்தான் எங்கப்பா" என்றேன். அவர் அப்பாவைக் கும்பிட்டார்.

அன்றிலிருந்து அப்பாவின் வேலையை எங்கும் மறைத்ததில்லை. எங்கள் இரண்டு அறை வீட்டைத் திரும்ப அளந்து வரைந்தேன். பின்புறம் அப்பா கரி கழுவும் குழாயடியைத்தான் முதலில் குறித்தேன்.

அடியார்களே, நம்பி வேண்டுங்கள். தப்பாக வேண்டிவிட்டாலும் திரும்பப் போய் நில்லுங்கள். முருகன் என்னைக் கோபிக்கவில்லை. அப்பாவும் கோபிக்கவில்லை. அதுதான் இன்றும் கூசுகிறது.