இன்னொரு மெகருன்னிசா

முப்பத்தோரு வருஷம் வங்கியில் வேலை பார்த்தேன். கள்ள நோட்டு பார்த்திருக்கிறேன், கள்ளக் கையெழுத்து பார்த்திருக்கிறேன், செத்துப்போன அப்பாவின் பென்ஷனை வாங்க வந்த மகனையும் பார்த்திருக்கிறேன். எதற்கும் பயந்ததில்லை, கோபம்தான் வரும். நான் கவுண்டரில் உட்கார்ந்தால் அரை மணி நேரத்தில் யாரோடாவது சண்டை வரும் என்று கூட வேலை பார்த்தவர்கள் டீக்குப் பந்தயம் கட்டுவார்கள். அப்படிப்பட்ட எனக்கு ஆபீசில் வைத்து ஒரே ஒரு தடவை பயம் வந்திருக்கிறது. அது 2006-இல், பெரம்பலூர் கிளையில், நல்ல வெயில் அடிக்கும் பகல் பதினொன்றரை மணிக்கு. இப்போது வேலைக்கு வரும் பிள்ளைகள் தெரிந்துகொள்ளட்டும் என்று எழுதுகிறேன்.

1. நான் கேட்ட ஒரே கேள்வி

மெகருன்னிசாவுக்கு அப்போது இருபத்து நாலு வயசு இருக்கும். ஊர் லெப்பைக்குடிக்காடு. பி.காம். படித்தவள். கணவர் சவுதியில் ஒரு கடையில் வேலை. மாமியார் அறிமுகக் கையெழுத்துப் போட, அவளுக்குக் கணக்குத் திறந்து கொடுத்தது நான்தான்.

அந்த ஊர்க் கணக்குகளில் ஒரு வழக்கம் உண்டு. கணவர் அங்கே கூட இருப்பவரிடம் ரியாலைக் கொடுப்பார். அவருடைய தம்பியோ மச்சானோ சென்னையிலோ நாகப்பட்டினத்திலோ இவள் கணக்கில் ரூபாயாகக் கட்டுவார். யாரென்றே தெரியாத ஆள் போட்ட பணம் பாஸ்புக்கில் ஏறுவது அங்கே அன்றாட விஷயம். வாங்குகிறவர்களும் கேட்க மாட்டார்கள், நாங்களும் கேட்க மாட்டோம். அந்த வருஷம் கோர் பேங்கிங் வந்துவிட்டதால் எந்த ஊரில் கட்டினாலும் அடுத்த நிமிஷம் எங்கள் கம்ப்யூட்டரில் தெரிந்தது.

சித்திரை வெயிலில் ஒருநாள் மெகருன்னிசா பாஸ்புக் பதிய வந்தாள். சேலம், கடலூர், ஓசூர், திண்டுக்கல் என்று ஊர் ஊராக வரவு. ஒவ்வொன்றும் சரியாகப் பதினைந்தாயிரம்.

"யாரும்மா இவங்கல்லாம்?" என்று கேட்டேன்.

"மச்சானோட ரூம்ல இருக்கறவங்க மேடம். அவங்க ஆளுங்க போடுறாங்க."

கணவரை மச்சான் என்பது அந்த ஊர்ப் பேச்சு. எங்கள் கவுண்டரில் தினமும் கேட்கிற பதில். சரி என்று சீல் குத்திக் கொடுத்துவிட்டேன். வந்த பணத்தை அன்றைக்கே எடுத்துக்கொண்டு, ரோட்டைத் தாண்டி எதிர் பக்கத்து வங்கிக்குள் அவள் போவதை ஜன்னல் வழியே பார்த்தேன். அதற்கப்புறம் அவள் என் கவுண்டருக்கு வரவே இல்லை. நான் சிடுசிடுவென்று இருப்பதால் வேறு ஆளிடம் போகிறாள் என்று நினைத்தேன். கொஞ்சம் மனசுக்கு வருத்தமாகவும் இருந்தது.

2. ரெட்டிபாளையத்து ஆறுமுகம்

மூன்று மாதம் போயிருக்கும். ஒரு வியாழக்கிழமை எனக்கு லீவு, அரியலூரில் சொந்தக்காரப் பெண்ணுக்கு வளைகாப்பு. புறப்படும் நேரத்தில் மேனேஜர் ராமலிங்கம் சார் போன் செய்து, கேஷில் இருப்பவருக்குக் காய்ச்சல், வந்து உட்காருங்கள் என்றார். முணுமுணுத்துக்கொண்டே போனேன்.

பதினோரு மணி சுமாருக்கு ஒருவர் வந்தார். சட்டைக் காலரில் சிமெண்ட் தூசி படிந்திருந்தது. பெயர் ஆறுமுகம், அரியலூர் பக்கம் ரெட்டிபாளையத்துச் சிமெண்ட் ஆலையில் மூட்டை ஏற்றும் ஒப்பந்தத் தொழிலாளி. கையில் பிளாஸ்டிக் உறைக்குள் ஒரு காகிதம்.

"பொண்ணு வேலைக்குப் பணம் கட்டிட்டனுங்க. மெகருன்னிசா மேடத்தப் பாக்கணுங்க. மேலாளரு."

"அப்படி மேலாளர் யாரும் இங்க கிடையாதுங்க."

"இந்த பிராஞ்சுதாங்க. லெட்டர்ல போட்டிருக்கு பாருங்க."

வாங்கிப் பார்த்தேன். அவர் மகளுக்கு வந்திருந்த வேலை உத்தரவு. மாதம் பன்னிரண்டாயிரம் சம்பளம், வீட்டிலிருந்தே வேலை, பாதுகாப்புத் தொகை பதினைந்தாயிரத்தை இந்தக் கணக்கில் கட்டவும் என்று எங்கள் கிளையின் முகவரியும் கணக்கு எண்ணும் இருந்தன. கீழே, "மண்டல மேலாளர்" என்ற இடத்தில் மெகருன்னிசாவின் போட்டோ. பக்கத்தில் அவள் கையெழுத்து. நான் அந்தக் கையெழுத்தை எங்கள் ஸ்பெசிமன் கார்டோடு பலமுறை ஒப்பிட்டிருக்கிறேன். அதே சுழி, அதே கடைசிக் கோடு.

நிமிர்ந்தேன். என் கவுண்டருக்கு முன்னால் நின்ற வரிசையில் நாலாவது ஆளாக மெகருன்னிசா நின்றுகொண்டிருந்தாள், கையில் டோக்கனோடு. நான் அங்கே இருப்பேன் என்று அவள் எதிர்பார்க்கவில்லை. முகம் வெளுத்துவிட்டது. அவள் கொடுத்திருந்த விட்ராயல் ஸ்லிப் என் மேஜைக்கு வந்திருந்தது. தொகை ஒரு லட்சத்து முப்பத்தைந்தாயிரம். முந்தின இரண்டு நாளில் ஒன்பது பேர் கட்டிய பணம். அதில் அரியலூரில் கட்டப்பட்ட ஒன்று ஆறுமுகத்துடையது.

கவுண்டரை மூடிவிட்டு இரண்டு பேரையும் மேனேஜர் அறைக்குக் கூட்டிக்கொண்டு போனேன்.

3. மேனேஜர் அறை

அவள் அந்தக் கடிதத்தைப் பார்த்ததும் முதலில் சொன்னது, "இது நான் போட்டது இல்ல மேடம். வல்லாஹி, சத்தியமா இந்த லெட்டர நான் பாத்ததே இல்ல" என்பதுதான்.

பிறகு அழுதுகொண்டே சொன்னாள். பஸ் ஸ்டாண்டு பக்கத்துப் பிரவுசிங் சென்டரில் உட்கார்ந்து, இன்டர்நெட்டில் வேலைக்கு விண்ணப்பம் போட்டிருக்கிறாள். வெளிநாட்டுக் கம்பெனி என்று ஒன்றிலிருந்து மெயில் வந்தது. பதவிக்குப் பெயர் பேமெண்ட் பிராசஸிங் ஆபீசர். வாடிக்கையாளர்கள் கட்டும் பணத்தை அன்றன்றே எடுத்து, மெயிலில் சொல்லும் கணக்கில் கட்ட வேண்டும். நூற்றுக்கு எட்டு ரூபாய் அவளுக்கு. ஒவ்வொரு தடவையும் வேறு வேறு ஊர், வேறு வேறு பெயர். வேலையில் சேர்ந்த அன்றே போட்டோவும், வெள்ளைத் தாளில் மூன்று கையெழுத்தும் ஸ்கேன் செய்து அனுப்பச் சொன்னார்கள். ஐ.டி. கார்டு அடிக்க என்றார்கள்.

"யார்கிட்டயாவது ஒரு தடவை பேசியிருக்கியா?" என்று மேனேஜர் கேட்டார்.

"இல்ல சார். மெயில்தான். எப்ப அனுப்பினாலும் ரெண்டு நிமிசத்துல பதில் வந்துடும். காலைல சென்டர் தொறந்ததும் அனுப்பினாலும் வரும், ராத்திரி மூடும்போது அனுப்பினாலும் வரும்."

அன்றைக்கு வந்த மெயிலைப் பிரிண்ட் எடுத்துப் பையில் வைத்திருந்தாள். ஆங்கிலத்தில் நாலு வரி. முழுத் தொகையையும் பன்னிரண்டு மணிக்குள் எடுத்துவிடவும் என்று முதல் வரி. அடுத்த வரியில் என் பெயர் இருந்தது. "இன்று சாவித்திரி விடுப்பு. கேள்வி வராது."

இரண்டு முறை படித்தேன். நான் லீவு போட்டது என் வீட்டுக்கும் இந்தக் கிளைக்கும் மட்டும் தெரிந்த விஷயம். எந்த நாட்டில் எந்த அறையில் உட்கார்ந்திருக்கிறான் என்று தெரியாத ஒருத்தனுக்கு அன்றைக்கு நான் கிளைக்கு வர மாட்டேன் என்பது தெரிந்திருக்கிறது. அப்போதுதான் எனக்குப் பயம் வந்தது.

"நான்தான் மேடம் எழுதினேன்" என்றாள் மெகருன்னிசா. "டெய்லி ரிப்போர்ட் கேப்பாங்க. கவுண்டர்ல யாரு, என்ன கேட்டாங்க, எல்லாம். நீங்க இன்னிக்கு லீவுன்னு நேத்து இங்க பேசிக்கிட்டது காதுல விழுந்துச்சு. ரூம்ல இருக்கறவங்க போடுறாங்கன்னு சொல்லச் சொன்னதும் அவங்கதான். நம்ம ஊர்ல பணம் எப்படி வரும்னு முன்னாடி ஒரு ரிப்போர்ட்ல எழுதியிருந்தேன்."

காரணம் தெரிந்துவிட்டது. ஆனாலும் பயம் போகவில்லை. எங்கள் கவுண்டரில் எந்தப் பதில் சொன்னால் நான் சீல் குத்துவேன் என்பதை அவன் என்னைவிட நன்றாகப் படித்து வைத்திருந்தான்.

இவ்வளவு நேரமும் மெகருன்னிசாவையே உற்றுப் பார்த்துக்கொண்டிருந்த ஆறுமுகம் அப்போது ஒன்று சொன்னார்.

"போட்டோ இவங்கதான். ஆனா போன்ல பேசுனது இந்தக் குரல் இல்லீங்க."

"எந்த போன்?"

"லெட்டர்ல நம்பர் இருக்குல்லங்க. ரெண்டு தடவ பேசினேன். மெகருன்னிசா பேசுறேன்னு சொன்னாங்க. பொண்ணு கல்யாணத்துக்கு வச்சிருந்த தங்கத் தோட்ட அடகு வச்சுத்தான் கட்டுறேம்மான்னு கூட சொன்னேன். கவலப்படாதீங்க ஐயா, நான் பாத்துக்கறேன்னாங்க."

மேனேஜர் ஸ்பீக்கரைப் போட்டு அந்த நம்பரை அழுத்தினார். இரண்டாவது மணியிலேயே எடுத்தார்கள்.

"வணக்கம், மெகருன்னிசா பேசுகிறேன்."

நல்ல தெளிவான பெண் குரல். எந்த ஊர்த் தமிழ் என்று சொல்ல முடியாத தமிழ். மெகருன்னிசா மேஜையைப் பிடித்துக்கொண்டு குனிந்து, "நீங்க யாரு? நான்தான் மெகருன்னிசா" என்றாள்.

அதே இனிமையோடு, "சொல்லுங்கள் மேடம். உங்களுக்கு என்ன வேலை வேண்டும்?" என்றது குரல். உடனே லைன் துண்டானது. மறுபடி போட்டோம். அந்த எண் உபயோகத்தில் இல்லை என்று பதிவுக் குரல் சொன்னது.

ஒரு நிமிஷம் கழித்து மெகருன்னிசாவின் பையில் இருந்த செல்போன் அடித்தது. எடுத்து மேஜைமேல் வைத்தாள். திரையில் நம்பர் வரவில்லை. மூன்று மாதத்தில் ஒரு தடவைகூட அவளுக்கு அவர்களிடமிருந்து போன் வந்ததில்லையாம். அது அடித்து நின்றது, மறுபடி அடித்தது. நாலு பேரும் அதையே பார்த்துக்கொண்டிருந்தோம். கடிகாரத்தில் பன்னிரண்டுக்குப் பத்து நிமிஷம்.

4. பி.காம்

மேனேஜர் நல்ல மனிதர், ஆனால் விதியை விட்டு ஓர் அடி நகராதவர்.

"யம்மா, கணக்கு உன் பேர்ல இருக்கு. நீயா எழுதிக் குடுத்தா இப்பவே டெபிட் ஃப்ரீஸ் பண்ணி, பணம் வெளிய போகாம நிறுத்திடுறேன். எழுதினா போலீசுக்குப் போகணும். போனா மொதல்ல உன் பேருதான் வரும், அதையும் தெரிஞ்சுக்க."

"அடுத்த மாசம் எனக்கு விசா வருது சார். மச்சான் அங்க வூடு பாத்துட்டாரு. கேசுன்னு ஆனா பாஸ்போர்ட்ட வாங்கி வச்சுக்குவாங்களே."

"எழுதலன்னா நானே புகார் குடுப்பேன்" என்று நான் கத்தினேன். இன்றைக்கு நினைத்தால் வெட்கமாக இருக்கிறது. மூன்று மாதத்துக்கு முன் கேட்டிருக்க வேண்டிய இரண்டாவது கேள்வியைக் கேட்காத கோபத்தை அந்தப் பெண் மேல் காட்டினேன்.

அவள் என்னைப் பார்க்கவில்லை. ஆறுமுகத்தைப் பார்த்துக் கேட்டாள்.

"உங்க பொண்ணு என்னங்க படிச்சிருக்கு?"

"பி.காம் தாயி."

"நானும் பி.காம்தான்" என்றாள். செல்போனை அணைத்து வைத்துவிட்டு மேனேஜரிடம் பேனா கேட்டாள். ஒரு பக்கம் எழுதிக் கையெழுத்துப் போட்டாள். போடும்போது நடுவில் ஒரு தடவை நிறுத்தி, ஆறுமுகத்தின் காகிதத்தில் இருந்த கையெழுத்தைப் பார்த்தாள். பிறகு முடித்தாள். அவளோடு காவல் நிலையத்துக்கு நானும் போனேன்.

5. கிளைக்கு வந்த கடிதங்கள்

அந்த ஒன்பது பேருக்குப் பணம் திரும்பக் கிடைத்தது, பல மாதம் கோர்ட்டுக்கு அலைந்த பிறகு. அதற்கு முன் கட்டியவர்களுக்குக் கிடைக்கவில்லை. மெகருன்னிசா கமிஷனாக வாங்கிய எட்டு ரூபாய்களையெல்லாம் கூட்டி, வளையலை விற்றுக் கோர்ட்டில் கட்டினாள். விசா வந்தது, பாஸ்போர்ட் இல்லாததால் காலாவதியானது. அவள் பணத்தைக் கட்டிய கணக்குகளைப் போலீஸ் தேடிப் போனால், ஒவ்வொன்றின் பின்னாலும் அவளைப் போலவே வேலை கிடைத்த சந்தோஷத்தில் இருந்த ஒரு பிள்ளை உட்கார்ந்திருந்தது. குரலுக்குச் சொந்தக்காரி கிடைக்கவே இல்லை.

வேலை தேடும் பிள்ளைகளே, ஒன்றைத் தெரிந்துகொள்ளுங்கள். வேலை கொடுக்கிறவன் சம்பளம் போடுவதற்குத்தான் உங்கள் கணக்கு எண்ணைக் கேட்பான். ஊரார் பணத்தை உங்கள் கணக்கில் வாங்கி, கமிஷன் போக மீதியை இன்னொருவனுக்கு அனுப்பு என்று எந்தக் கம்பெனியும் சொல்லாது. கம்பெனிக்கென்று கணக்கு இருக்கும்போது உங்கள் கணக்கு எதற்கு? வங்கி வேலைக்கு வருகிறவர்களே, கவுண்டரில் தினமும் கேட்கிற பதிலையே ஒருவர் சொன்னாலும், உட்கார வைத்து இன்னொரு தடவை கேளுங்கள்.

அவள் கணக்கை முடக்கிய பிறகும், அவள் போட்டோவோடு வேலை உத்தரவுகள் போனது நிற்கவில்லை. "மண்டல மேலாளர் மெகருன்னிசா" என்று முகவரியிட்டு எங்கள் கிளைக்குக் கடிதங்கள் வந்துகொண்டே இருந்தன. அவளை வரவழைத்துக் கொடுப்பேன். என் மேஜை ஓரத்தில் உட்கார்ந்து ஒவ்வொருவருக்கும் தபால் கார்டு எழுதுவாள். "இது மோசடி. பணம் கட்டாதீர்கள். கட்டியிருந்தால் போலீசில் சொல்லுங்கள்."

அடுத்த வருஷம் ஒருநாள் விழுப்புரத்திலிருந்து ஒரு பெண் எழுதிய கடிதம் வந்தது. மெகருன்னிசா படித்துவிட்டு என்னிடம் நீட்டினாள். "மேடம், தாங்கள் அளித்த பேமெண்ட் பிராசஸிங் ஆபீசர் வேலையில் சேர்ந்துவிட்டேன். முதல் பணம் இன்று என் கணக்கில் வந்துவிட்டது. மெயிலில் சொன்னபடி நாளை மறுநாள் எடுத்து அனுப்புகிறேன். தங்களை ஒருமுறை நேரில் பார்த்து நன்றி சொல்ல ஆசை." தேதியைப் பார்த்தேன். நாளை மறுநாள் என்று அந்தப் பெண் எழுதியது, கடிதம் எங்கள் கைக்கு வந்த அன்றைய தினத்தைத்தான்.

"கார்டு போட்டா போய்ச் சேர ரெண்டு நாளாகும் மேடம்" என்றாள் மெகருன்னிசா.

"விழுப்புரம் போலீசுக்கு மேனேஜர விட்டு போன் பண்ணச் சொல்றேன், இரு."

"பண்ணச் சொல்லுங்க. போலீசு வந்து சொன்னா அந்தப் புள்ள பயந்துடும். நான் போறேன். லெட்டர்ல இருக்கற என் மூஞ்ச நேர்ல பாத்தா நம்பும்."

கடிதத்தையும் தன் கேஸ் காகிதங்களையும் பையில் போட்டுக்கொண்டு எழுந்தாள். பஸ் ஸ்டாண்டு வரைக்கும் கூடப் போனேன். விழுப்புரம் பஸ்ஸில் உட்கார இடமில்லை. படிக்கு அடுத்த கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றபடியே போனாள்.